சொந்தக் காணிக்குத் திரும்ப: வடக்கு, கிழக்கில் இடம்பெயர்ந்தோருக்கான வழிகாட்டி

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானியில் வட மாகாணத்தின் 5,941 ஏக்கர் காணி குறிக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். உரித்துள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்வந்து கோர வேண்டும், கோராவிட்டால் அது அரச காணியாகும் என்பதுதான் அதன் சாரம். உரித்தாளிகளில் எத்தனையோ பேர் அந்த நேரம் கனடாவில், தமிழ்நாட்டு முகாம்களில், கொழும்பில் வாடகை வீடுகளில். வர்த்தமானி என்று ஒன்று வந்ததே பலருக்குத் தெரியாது. வழக்குப் போட்டு, ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

போர் முடிந்தால் சனம் ஊருக்குத் திரும்பும் என்பது கேட்க எளிது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகளும் அதைத்தான் சொல்கின்றன: விருப்பத்தோடும் பாதுகாப்போடும் மதிப்போடும் திரும்ப வழி செய்வது அரசின் கடமை, விட்டுவந்த சொத்தை மீட்டுக் கொடுப்பதும் அதன் கடமை. இலங்கை அமைச்சரவையும் 2016 ஓகஸ்டில் இதற்கென ஒரு தேசியக் கொள்கையை ஏற்றது. ஆனால் பிரதேச செயலகத்தின் மேசைக்கு முன்னால் போய் நிற்கும்போது கேட்கப்படுவது ஒரே கேள்வி: "பேப்பர் இருக்கா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொடுப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் முப்பது வருடம் கழித்த வடபுல முஸ்லிம்கள், வலிகாமம் வடக்குத் தமிழர், சம்பூர்க்காரர், வன்னியிலிருந்து சிதறியவர்கள், கடல் கடந்து தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இடத்துக்கு இடம் மாறுவதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

முதல் வேலை: காணி எந்த வகை?

இதைத் தெரியாமல் ஒரு அடியும் எடுக்க வேண்டாம். இலங்கையின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலும் உறுதிக் காணி, அதாவது நொத்தாரிசு எழுதிய உறுதியால் கைமாறும் தனியார் காணி. வன்னியிலும் கிழக்கிலும் பெரும்பாலும் பேர்மிட் காணி, அதாவது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. இரண்டுக்கும் போக வேண்டிய கந்தோர் வேறு, சட்டம் வேறு, தப்பும் வேறு. உறுதிக் காணிக்குக் காணிப் பதிவகமும் மாவட்ட நீதிமன்றமும். பேர்மிட் காணிக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி. பேர்மிட் காணியை நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதி வாங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் செய்த அந்தக் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. காசு கொடுத்தவருக்குக் காணியும் இல்லை, காசும் இல்லை.

எந்த வகை என்று தெரியாவிட்டால் அப்பா, அம்மா வைத்திருந்த பழைய பற்றுச்சீட்டுகளைப் பாருங்கள். சோலை வரி கட்டியிருந்தால் அநேகமாகத் தனியார் காணி. பிரதேச செயலகத்துக்கு வருடாந்தக் காணிப் பணம் கட்டியிருந்தால் அரச காணி.

உறுதி தொலைந்திருந்தால்

உறுதி எரிந்துபோனால் உரிமை எரிந்துபோகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில்தான் நடக்க வேண்டும். நொத்தாரிசு மூன்று பிரதி எழுதுவார். ஒன்று உங்களிடம், ஒன்று அவர் கைவசம், இன்னொன்று காணிப் பதிவகத்தில். நொத்தாரிசு இறந்திருந்தால் அவர் வைத்திருந்ததும் பதிவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே உறுதி இலக்கம், நொத்தாரிசு பெயர், திகதி மூன்றும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

இவை தெரியாதபோது என்ன செய்வது? ஆளின் பெயரைச் சொல்லித் தேடுவது பெரும்பாலும் வீண். பதிவேடு காணியின்படி ஓடுகிறது. காணியின் பெயர், ஊர், கோயிற்பற்று, பரப்பு, நாலு எல்லை இவற்றைக் கொண்டு தோம்பு, அதாவது பதிவகத்தின் காணிப் பதிவேடு, பார்க்க வேண்டும். இங்கே கைகொடுக்கிற ஒரு வழி உண்டு. பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்கி அதன் எல்லைப் பகுதியை வாசியுங்கள். "கிழக்கு ஒழுங்கை, வடக்கும் மேற்கும் இன்னார் பிள்ளைகள் காணி, இதனுள் அடங்கிய நிலம், பனை, பயன்தரு மரங்கள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து" என்று எழுதியிருக்கும். அந்த "இன்னார்" உங்கள் பாட்டனாக இருந்தால், உங்கள் காணி அந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இன்னொருவரின் உறுதியே சாட்சி. தோம்பில் உங்கள் காணியின் தொகுதியையும் பக்கத்தையும் பிடிக்க அதுவே வழி காட்டும்.

தோம்பு எடுத்ததும் கடைசிப் பதிவைப் பாருங்கள். நீங்கள் அறியாத ஈடோ, அற்றோணித் தத்துவத்தால் (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரத்தால்) செய்த விற்பனையோ, யாரோ தானே எழுதிக்கொண்ட உரிமைப் பிரகடன உறுதியோ ஏறியிருக்கக் கூடும். "நான் பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன்" என்று ஒருவர் தானே எழுதிப் பதிந்த உறுதி அவருக்கு உரிமையைப் படைத்துவிடாது. ஆனால் அதை வைத்து மூன்றாம் ஆளுக்கு விற்றால் வழக்கு சிக்கலாகும். அதனால் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் பதிவகத்தில் கேவியட், அதாவது எச்சரிக்கை அறிவித்தல், போட்டு வையுங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் இதற்கு இடமிருக்கிறது. அந்தக் காணி மேல் யாராவது ஆவணம் கொண்டுவந்தால் பதிவாளர் உங்களுக்கு அறிவிப்பார். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது.

வெளிநாட்டிலிருந்து ஊரில் உள்ள உறவினருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் விற்கும் அதிகாரத்தை எழுதாதீர்கள். பிரதி எடுக்க, அளக்க, வேலி போட, வழக்காட, கடிதம் கொடுக்க என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதினால் போதும். "சகல அதிகாரமும்" என்று எழுதிக் கொடுத்துக் காணியை இழந்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை.

பரப்புக் கணக்கிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாண உறுதிகளில் மேட்டுக்காணி 1 பரப்பு என்றால் 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர், 1 பரப்புக்குள் 18 குழி. வயற்காணிக்குப் பரப்பின் அளவு வேறு. அரச படிவங்கள் ஏக்கரிலும் ஹெக்டேயரிலும் கேட்கும்போது கணக்கை மாற்றி எழுதி, கோரியது குறைந்துபோவது உண்டு. உறுதியில் உள்ளபடியே எழுதி, மாற்றிய அளவைப் பக்கத்தில் தனியாகக் காட்டுங்கள்.

பேர்மிட் காணி

பிரதேச செயலகத்தில் இரண்டு பேரேடுகள் இருக்க வேண்டும்: அனுமதிப்பத்திரப் பேரேடு, காணி பகிர்ந்தளிக்க நடத்திய காணிக் கச்சேரியின் கோவை. உங்கள் பேர்மிட் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் மூன்றும் சேர்த்து அத்தாட்சிப் பிரதி கேளுங்கள். பேரேடே அழிந்துவிட்டது என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேலே முறையிட முடியாது.

பின்னுரித்துதான், அதாவது பேர்மிட்காரருக்குப் பின் காணி யாருக்கு என்பதுதான், அதிகம் பிழை நடக்கும் இடம். பேர்மிட்காரர் இறந்தால் காணி யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படியோ முஸ்லிம் சட்டப்படியோ பிள்ளைகளுக்குப் பிரியாது. அவர் உயிரோடிருந்தபோது பதிந்த பின்னுரித்தாளிக்குப் போகும். அதற்கு முன் கணவனுக்கோ மனைவிக்கோ ஆயுள் உரித்து. பின்னுரித்தாளி பெயர் பதியாவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண் பிள்ளைக்கே முதலிடம் கொடுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. மனைவி அல்லது கணவன் இறப்பு நடந்து 6 மாதத்துக்குள் காணியின் ஆட்சியை ஏற்க வேண்டும் என்ற விதியும் உண்டு. காணி படையினர் வசம் இருந்தாலோ, மிதிவெடி இருந்தாலோ ஏற்க முடியாது என்பது வெளிப்படை. ஆனால் அதைச் சொல்லி ஒரு கடிதம் கோவையில் இல்லாவிட்டால் பின்னர் ஒருவர் அதையே உங்களுக்கு எதிராக எடுப்பார். ஆகவே இறப்பு நடந்ததும் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: ஆட்சியை ஏற்கிறேன், இன்ன காரணத்தால் காணிக்குள் போக முடியவில்லை.

காணியில் இருக்கவில்லை, பயிர் செய்யவில்லை என்று பேர்மிட்டை இரத்துச் செய்ய அறிவித்தல் வரலாம். அதில் ஒரு திகதி இருக்கும். அன்றைக்கு நேரில் போய்க் காரணம் காட்ட வேண்டும். இடம்பெயர்ந்தது உங்கள் விருப்பத்தால் அல்ல என்பதே உங்கள் பதில். ஆதாரமாக முகாம் பதிவு அட்டை, நிவாரணக் குடும்ப அட்டை, பிள்ளைகள் வேறு மாவட்டத்தில் படித்த பாடசாலைச் சேர்வுப் பதிவு இவற்றைக் கொண்டு போங்கள். இந்தத் துண்டுக் காகிதங்களை எறிந்தவர்கள்தான் இப்போது அலைகிறார்கள்.

பேர்மிட்டே ஒருநாளும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் அப்படிப்பட்டவை. இவர்களுக்கு உள்ள பலம் ஆட்சிச் சாட்சியம்: பழைய வாக்காளர் இடாப்பு, கூட்டுறவுச் சங்க அட்டை, கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பதிவுகள், பாடசாலைப் பதிவேடு, அயலவர் இருவரின் சத்தியக்கடதாசி. 2011இல் வடக்கு, கிழக்குக் காணிகளுக்கென வந்த சுற்றறிக்கை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு மீளப்பெறப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2013/01 காணிச் சுற்றறிக்கைதான் போருக்குப் பிந்திய அரச காணிப் பிணக்குகளைத் தீர்க்கும் நடைமுறையைச் சொல்கிறது. 2013இல் நீங்கள் விண்ணப்பித்திருந்தால் அந்த விண்ணப்ப இலக்கத்தைத் தேடி எடுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடப் பழைய கோவையை எழுப்புவது நல்லது.

காணியில் வேறு ஆள் இருந்தால்

இருப்பவரும் பெரும்பாலும் இன்னோரிடத்தில் இடம்பெயர்ந்தவராகத்தான் இருப்பார். புத்தளத்திலிருந்து ஆட்களோடு போய்க் கதவைத் தட்டி, பொலிஸ் வந்து, இரண்டு சமூகத்துக்கிடையில் பகையாகிப் போன கதைகள் மன்னாரிலும் உண்டு, யாழ்ப்பாணம் சோனகதெருவிலும் உண்டு. முதல் நாளே பூட்டை உடைக்க வேண்டாம். ஆனால் மௌனமாகவும் இருக்க வேண்டாம்.

ஏனென்றால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் காணியை ஒருவர் உரித்தாளிக்கு எதிராக, தடையின்றி 10 வருடம் ஆண்டால் அது அவருக்கே போகலாம். இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஆனால் அதைப் பயன்படுத்தி வழக்குப் போட இரண்டு வருடம்தான் கொடுத்தது. 2018உடன் அந்தக் கதவு மூடியது. அப்போது போடாதவர்கள் மனம் தளர வேண்டாம், வேறு வாதங்கள் இருக்கின்றன. நீங்கள் விட்ட பராமரிப்பாளரோ, வாடகைக்காரரோ, இருக்க இடம் கொடுத்த உறவினரோ எத்தனை வருடம் இருந்தாலும் அது எதிரிடையான ஆட்சி ஆகாது. அவர் வெளிப்படையாக "இனி இது என்னுடையது" என்று மாறி நடந்ததை அவரே நிரூபிக்க வேண்டும். இன்னொன்று, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. வழக்குரிமை முதன்முதல் எழுந்த நேரத்தில் நீங்கள் கடல் கடந்திருந்தாலோ, வயது வராதவராக இருந்தாலோ, அந்த நிலை நீங்கும் வரை 10 வருடக் கணக்கு ஓடாது. 1990இல் இராமேஸ்வரம் போனவருக்கும் அப்போது ஐந்து வயதாக இருந்தவருக்கும் இது பெரிய விடயம். ஆனால் 30 வருட ஆட்சி வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இந்த முப்பது பலருக்கு முடிந்துவிட்டது, அல்லது முடிகிற தறுவாயில் இருக்கிறது. சட்டத்தரணியிடம் போகும்போது எந்த மாதம் வெளியேறினீர்கள், மற்றவர் எந்த மாதம் நுழைந்தார் என்ற இரண்டு திகதிகளையும் கொண்டு போங்கள். முழு வழக்கும் அந்த இரண்டு திகதிகளில் நிற்கும்.

அதற்கு முன்னரே எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

"(முகவரி)இல் உள்ள (காணிப் பெயர், பரப்பு) எங்கள் குடும்பத்துக்கு உரியது. 1990 ஒக்ரோபரில் எங்கள் விருப்பமின்றி வெளியேற்றப்பட்டோம். காணியை நாங்கள் கைவிடவில்லை. எவருக்கும் விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை கொடுக்கவோ இல்லை. தாங்கள் எங்கள் சம்மதமின்றி அதில் இருப்பதாக அறிகிறோம். உரித்தைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால், வேறிடம் பார்க்க (திகதி) வரை எங்கள் அனுமதியுடன் இருக்கலாம். மரம் வெட்டுதல், புதிதாகக் கட்டுதல், கைமாற்றுதல் ஆகியவற்றுக்கு எங்கள் சம்மதம் இல்லை."

பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதி கிராம அலுவலருக்கும் கொடுத்து, கைச்சாத்து வாங்கி வையுங்கள். அனுமதியுடன் என்ற அந்தச் சொல்லை அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அவருடைய ஆட்சி எதிரிடையானதாக இராது. அவருக்கும் தெருவில் நிற்காமல் நேரம் கிடைக்கும். வன்மம் இல்லாமல் பேசினால் கையெழுத்து வைப்பவர்கள் பலர்.

பேச்சு சரிவராவிட்டால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. சட்டத்தரணிச் செலவில்லாமல் பேசித் தீர்க்கும் இடம் அது. திரும்பி வந்து குடியிருக்கத் தொடங்கிய பின் யாராவது உங்களைத் துரத்தினால், காலம் மிகக் குறுகியது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். வெளியேற்றப்பட்டு 2 மாதத்துக்குள் வழக்குத் தாக்கலானால்தான் உங்களை மீண்டும் உள்ளே விட நீதவான் உத்தரவிட முடியும். "பொலிஸ் பார்க்கிறோம் என்றார்கள்" என்று காத்திருந்து அந்த இரண்டு மாதத்தைத் தொலைக்காதீர்கள். பொலிஸ் போடாவிட்டால் நீங்களே போடலாம். பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போது சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தக் கேளுங்கள். விளங்காத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது யாரும் இரங்கிக் கொடுக்கும் சலுகை அன்று, அரசியலமைப்பு தந்த உரிமை.

படையோ திணைக்களமோ வைத்திருந்தால்

முதலில் கேட்க வேண்டியது: எந்தச் சட்டத்தின் கீழ்? சும்மா கம்பி போட்டிருக்கிறார்களா, 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் போட்டார்களா, காடென்று வர்த்தமானி வந்ததா? பதில் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் நாலு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்தக் காணி யார் வசம், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், அறிவித்தல் பிரதி, விடுவிப்புப் பட்டியலில் இருக்கிறதா. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். தராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பின் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நீளமான முறைப்பாட்டைக் கேள்வியோடு கலந்து எழுதினால் பதில் வராது.

சுவீகரிப்பில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது அளந்து பார்க்க மட்டும். வலிகாமம் வடக்கில் 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கருக்கு அப்படி ஒட்டினார்கள். பிற்பாடு அந்தப் பகுதியில் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுபட்டன, மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில். அடுத்து 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனைக்கு ஒரு திகதி இருக்கும், 14 நாளே இருக்கவும் கூடும். ஒவ்வொரு உரித்தாளியும் தனித்தனியாக எழுதுங்கள். ஊர்ச் சங்கக் கடிதம் ஒன்று போதாது. நட்டஈடு விடயத்தில் ஒரு எச்சரிக்கை: 39அ பிரிவின் கீழ் சுவீகரித்த காணியைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் நட்டஈடு கொடுபடாமலும், பொதுத் தேவைக்குப் பயன்படுத்தாமலும், மேம்பாடு செய்யாமலும் இருந்தால்தான். காணிதான் வேண்டும் என்றால் காசை வாங்க முன் யோசியுங்கள்.

காட்டுப் பிரச்சினை மன்னார் மாவட்டத்து முசலியில் கடுமையானது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் மக்கள் இல்லாத இருபது வருடத்தில் வீட்டு வளவுகளில் மரம் எழுந்தது. 2012 ஒக்ரோபரில் அது ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தது. திரும்பியவர்கள் வில்பத்துவை அழிப்பவர்களாகப் பேசப்பட்டார்கள். கல்லாறு மீள்குடியேற்றத்தை 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. பழங்குடியிருப்புக்காரரும் புதிதாகக் காணி பெற்றவரும் ஒரே விண்ணப்பத்தில் கலந்தால் பழையவரின் நியாயமும் சேர்ந்து அடிபடும். ஆகவே பழைய உரித்தைத் தனியாக நிறுத்துங்கள். காட்டுக்குள் கட்டுக்கிணறு, பள்ளிவாசல் அத்திவாரம், புளி, தென்னை, மையவாடிக் கல் இவற்றைத் திகதியோடு படம் எடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறதா பாருங்கள். துப்புரவு செய்ய முன் எழுத்தில் அனுமதி எடுங்கள், கத்தியோடு முதலில் போனால் வழக்கு உங்கள் மேல்தான்.

அரச செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போக 1 மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணை நடக்கிறது என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வழக்கு ஒரு பக்கம் இருக்க, நின்று பிடித்து வென்ற ஊர்களும் இருக்கின்றன. முல்லைத்தீவு பிலக்குடியிருப்புப் பெண்கள் 2017 ஜனவரி 31இல் விமானப்படை முகாம் வாசலில் குழந்தைகளோடு இருந்து, மார்ச் 1இல் காணிக்குள் போனார்கள். இரணைதீவார் 2018 ஏப்ரல் 23இல் படகேறித் தங்கள் தீவுக்கே போய் இறங்கினார்கள். அவர்களிடம் வீட்டுவாரியாகப் பட்டியல் இருந்தது, காணிக் காகிதம் இருந்தது. அதனால் அதிகாரிகள் வந்தபோது பேச முடிந்தது.

கணவன் பெயரில் காணி, கணவன் இல்லை

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அப்படி. கணவன் காணாமற்போயிருந்தாலோ விட்டுப் போயிருந்தாலோ அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிபதியின் அனுமதியைக் கேட்கலாம். கணவன் பெயரில் உள்ள காணிக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் ஆயிரக்கணக்கில். அவர்களை அதற்கு நெருக்கவே கூடாது. 2016இல் திருத்திய இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கலாம். இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவும். புதிதாகக் காணியோ வீடோ தரும்போது "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் மாமன், மைத்துனன் பெயரை எழுத விடாதீர்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள்

புறப்பட முன் செய்யாவிட்டால் பின்னர் சிக்கலாகும் வேலைகள் மூன்று: தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைப் பதிவு எடுத்தல், இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதி, பள்ளிச் சான்றுகளை அத்தாட்சிப்படுத்தல். குடியுரிமைப் பதிவில்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் பேர்மிட்டில் பெயர் இல்லை. ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் ஊடாக வருவதே நல்லது. அப்படி வந்தும், படகில் போனபோது கடவுச்சீட்டு இல்லாததைக் காட்டி 2025 மே மாதம் ஒரு முதியவரைப் பலாலியில் கைது செய்தார்கள். ஆகவே திகதி குறிக்க முன் அப்போதைய நடைமுறையை அந்த நிறுவனத்திடம் கேட்டுத் தெளியுங்கள், ஊரில் ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம் கையில் இருக்கட்டும்.

பதிவை மாற்றுவதற்கு முன்

புத்தளத்தில் உள்ளவர் மன்னாருக்குப் பதிவை மாற்றினால் புத்தளத்தில் பிள்ளையின் பாடசாலை அனுமதி, நிவாரணம் சிக்கலாகும். மாற்றாவிட்டால் மன்னாரில் "நீங்கள் இங்கே இல்லை" என்று வீட்டுத்திட்டப் பட்டியலில் வெட்டுவார்கள். இரண்டு ஊரிலும் பதிந்தால் சட்டப் பிழை. பலர் கண்ட வழி, குடும்பத்தில் ஒருவர் முதலில் வந்து கொட்டில் போட்டு, கிராம அலுவலரிடம் பதிந்து, தண்ணீரும் பாடசாலையும் சரியான பின் மற்றவர்களைக் கொண்டுவருவது. வெறும் வளவில் குடும்பத்தை இறக்கினால் மூன்றாம் மாதம் திரும்பிப் போக நேரும். திரும்பிப் போனதும் பட்டியலில் பெயர் போகும்.

காணிக்குள் கால் வைக்கும் நாள்

படையினர் விடுவித்தார்கள் என்பதும் மிதிவெடி அகற்றியாயிற்று என்பதும் ஒன்றல்ல. பிரதேச செயலகத்தில் அகற்றியதற்கான சான்றைக் கேட்டுப் பாருங்கள். மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, முடிக்க வேண்டிய ஆண்டு 2028. முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளில் வேலை நீண்டகாலம் ஓடியது. சிவப்புக் கட்டை, மண்டையோட்டுப் பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். பற்றையை நெருப்பு வைத்துத் துப்புரவாக்க வேண்டாம், உள்ளே என்ன கிடக்கிறதென்று தெரியாது. பழைய மண் அணை, பதுங்குகுழி இரண்டையும் கிளறவே கூடாது. வெடிபொருள் மாதிரி எதைக் கண்டாலும் வந்த வழியே திரும்பி 119க்குச் சொல்லுங்கள்.

அடுத்தது எல்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த ஊர்களில் புல்டோசர் ஓடி ஒழுங்கையும் வேலியும் ஒன்றாகக் கிடக்கும். அவரவர் நினைவை வைத்து வேலி அடைக்கத் தொடங்கினால் அடுத்த கிழமை அண்ணன் தம்பிக்குள் சண்டை. பத்துப் பதினைந்து வளவுக்காரர் சேர்ந்து ஒரே நில அளவையாளரைப் பிடியுங்கள், செலவும் குறையும், அளவும் ஒன்றோடொன்று முட்டாது. கிணறு நகராது, அதனால் கிணற்றிலிருந்து அளக்கத் தொடங்குவார். வேலியோரக் கிளுவை, பூவரசு அடிக்கட்டைகள் ஒரு நேர்கோட்டில் தட்டுப்பட்டால் பிடுங்காதீர்கள், பழைய எல்லை அதுதான். கட்டை நடும்போது நாலு பக்கக்காரரும் நின்று, கிராம அலுவலர் முன்னிலையில் கையெழுத்து வைக்கட்டும்.

கடைசியாகக் கிணறு. போர்க்காலத்தில் கிணறுகளுக்குள் வெடிபொருளும் எரிபொருளும் பிணமும்கூடப் போட்டார்கள். வாளி கட்டி இறைக்கவோ ஆள் இறங்கவோ முன்னம் மிதிவெடி அகற்றுவோரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். மனித எச்சம் தென்பட்டால் கை வைக்காமல் பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவியுங்கள், எங்கேயோ ஒரு குடும்பம் அதற்காகக் காத்திருக்கிறது. வெடிபொருள் இல்லை என்றான பின்னும் நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் நச்சு வாயு நிற்கும்.  ஆளை இறக்காதீர்கள். முழுதாக இறைத்து, குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீர் மாதிரி கொடுத்து முடிவு வந்த பின்தான் குடிக்க எடுக்க வேண்டும். பங்குக் கிணறாக இருந்தால் பங்காளிகளுக்கும் சொல்லிவிட்டு இறையுங்கள். இன்னும் வராத பங்காளியின் பெயரையும் செலவுக் கணக்கில் எழுதி வையுங்கள்.